ஏவுகணையும் இறைவனும்: ‘அக்னிச் சிறகுகள்’ – ஒரு திறனாய்வு

நம் ஐதராபாத், செகந்திராபாத் தமிழ் வீடுகளில் பூஜை அறையில் கந்தர் சஷ்டி கவசம் இருக்கிறதோ இல்லையோ, கூடத்து அலமாரியில் ‘அக்னிச் சிறகுகள்’ கட்டாயம் இருக்கும். பிள்ளைக்குப் பள்ளியில் பரிசாகக் கிடைத்திருக்கும். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்கு மாமா வாங்கித் தந்திருப்பார். அதை முழுவதும் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இந்த நூலுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிவதில்லை. கலாம் 1982இல் காஞ்சன்பாக்கில் உள்ள டி.ஆர்.டி.எல். ஆய்வகத்தின் இயக்குநராக வந்து, சுமார் பத்து ஆண்டுகள் இந்த நகரத்திலேயே இருந்தார். அவருடன் நூலை எழுதிய அருண் திவாரி, அதே ஆய்வகத்தில் அவருக்குக் கீழே பணிபுரிந்தவர். ஆங்கில மூலம் 1999இல் வெளிவந்ததும் ஐதராபாத்தின் யூனிவர்சிட்டீஸ் பிரஸ் வழியாகத்தான். இராமேசுவரத்தில் தொடங்கும் கதை என்றாலும், நம் ஊரில் சொல்லப்பட்டு நம் ஊரில் அச்சேறிய நூல் இது.

இதை மறுபடி எடுத்துப் படிக்க வைத்தவன் என் பேரன். ஒரு கிருத்திகை அன்று ஸ்கந்தகிரி கோயிலில் இருந்து திரும்பி வரும்போது கேட்டான்: “தாத்தா, கலாம் சார் சயின்டிஸ்ட்தானே? அவரே சாமி கும்பிட்டாராமே. அப்ப சயின்ஸ்ல சாமி இருக்கா?” சட்டென்று “இருக்குடா கண்ணா” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. கலாமைச் சாட்சிக்கு அழைக்கிறோமே, அவர் நூல் உண்மையில் என்ன சாட்சி சொல்கிறது? அந்தக் கேள்வியோடு படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இராமேசுவரத்துத் தொழுகை

நூலின் தொடக்கப் பகுதிதான் எல்லோர் நெஞ்சிலும் நிற்பது. பள்ளிவாசலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் தந்தை ஜைனுலாப்தீன், அவருடைய நண்பரும் இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்களுமான பட்சி லட்சுமண சாஸ்திரி, மனைவி தயங்கியபோதும் சிறுவன் கலாமைத் தம் வீட்டில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்த அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர். இந்த மூவரையும் மறக்க முடியாது.

சிறுவன் தந்தையிடம் தொழுகையால் என்ன பயன் என்று கேட்கிறான். தொழும்போது மனிதன் உடலைக் கடந்து பிரபஞ்சத்தோடு ஒன்றாகிறான், அங்கே பணம், வயது, சாதி, மதம் என்ற வேற்றுமை கிடையாது என்று தந்தை விளக்குகிறார். துன்பம் வரும்போது அஞ்சாதே, அது உன்னை நீயே திரும்பிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு என்ற பொருளிலும் ஒன்று சொல்கிறார். இந்த இரண்டாவது பேச்சைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தந்தை சொன்னதில் ‘வேண்டினால் கிடைக்கும்’ என்ற வாக்குறுதி எங்கும் இல்லை. பரீட்சையில் பாஸ் ஆகும், விசா கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. சில்கூர் பாலாஜி கோயிலில் பதினொரு சுற்று சுற்றி, வேண்டுதல் பலித்ததும் நூற்றெட்டுச் சுற்று சுற்றி வரும் நம் வீட்டுப் பிள்ளைகளை நான் கேலி செய்யவில்லை. நானும் கூடவே நடந்திருக்கிறேன். ஆனால் கலாம் கற்றுக்கொண்ட தொழுகை அந்தக் கணக்கு வகையைச் சேர்ந்ததல்ல.

இன்னொரு காட்சியையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பள்ளிவாசலுக்கு வெளியே மக்கள் கிண்ணங்களில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். தந்தை விரல் நுனியை நனைத்து ஓதித் தருவார். நோயாளிகள் குணமாகி வந்து நன்றி சொல்வார்கள். அவரோ அல்லாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்பார். குணமானதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்தானா? குணமாகாமல் போனவர்கள் எத்தனை பேர்? நூல் கேட்கவில்லை. மகன் தந்தையைப் பரிசோதனைக் கூடத்தில் நிறுத்தமாட்டான், அது புரிகிறது. ஆனாலும் இது ஆராய்ச்சி மனம் வேண்டுமென்றே விலகி நின்ற இடம் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும்.

வால்வு தேடிய விஞ்ஞானி

இப்போது நூலின் நடுப்பகுதிக்கு வருவோம். பொதுவாக நாம் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் இவை. என் வாதம் முழுக்க இவற்றில்தான் நிற்கிறது.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டா. 23 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் காலை 7.58க்குக் கிளம்புகிறது. முதல் கட்டம் ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு தவறி, 317 விநாடிகளில் எல்லாம் முடிந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுகிறது. ஏழெட்டு ஆண்டுகளின் உழைப்பு கடலோடு போனது. கலாம் அதன் திட்ட இயக்குநர்.

நம்மில் ஒருவருக்கு இப்படி நேர்ந்திருந்தால் என்ன சொல்வோம்? “நேரம் சரியில்லை”, “யார் கண் பட்டதோ”, “ஆண்டவன் சித்தம்”. கடவுள் நம்பிக்கையில் நம் யாருக்கும் குறையாத கலாம் இவற்றில் எதையும் சொல்லவில்லை. விசாரணைக் குழுக்கள் உட்கார்ந்தன. பறத்தலின் பதிவுகளை அலசின. கடைசியில் காரணம் அகப்பட்டது. கவுண்ட்டவுனின்போது, ஏவுவதற்கு எட்டு நிமிடம் முன்பு கொடுத்த ஆணைக்குப் பிறகு, நைட்ரிக் அமிலத் தொட்டியின் ஒரு சோலினாய்டு வால்வு அழுக்கு அடைத்து மூடாமல் நின்றுவிட்டது. அமிலம் வழிந்து போயிற்று. பறக்கும்போது இரண்டாம் கட்டத்தைத் திருப்பிச் சீர்செய்ய விசை தேவைப்பட்டது. எரிபொருள் மட்டும் வந்தது, அதை எரிக்க அமிலம் இல்லை. விசை பூஜ்யம்.

இதோடு முடித்திருக்கலாம். கலாம் முடிக்கவில்லை. மூத்த விஞ்ஞானிகள் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று, கசிவு இருப்பது கவுண்ட்டவுனின் கடைசிக் கட்டத்திலேயே தெரிந்திருந்தும் அதை அற்பம் என்று மதிப்பிட்டவன் நான், ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான், தோல்விக்கு நானே பொறுப்பு என்று சொன்னார். தலைவர் சதீஷ் தவான் அவரைக் கைவிடவில்லை. 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

தந்தை சொன்னதைக் குறித்து வைக்கச் சொன்னேன் அல்லவா? துன்பம் தன்னைத் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு என்பதுதான் அந்தக் கூட்டத்தில் கலாமை எழுந்து நிற்க வைத்தது என்று நான் வாசிக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி. அதில் தன் பங்கை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் துணிவைத் தந்தது நம்பிக்கை. வால்வு இருந்த இடத்தில் கடவுளை வைக்கவில்லை. கடவுளைக் காட்டித் தானும் தப்பிக்கவில்லை.

பத்து ஆண்டு கழித்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஐதராபாத்தில் உருவான ‘அக்னி’, 1989 ஏப்ரல் 20 அன்று கிளம்பவேண்டும். 14 விநாடி இருக்கும்போது கணினி ‘நிறுத்து’ என்றது. அதைச் சரிசெய்தும் வேறு தடைகள் வர, ஏவுதல் கைவிடப்பட்டது. மே 1ஆம் தேதியும் கடைசி விநாடிகளில் அதே கதை. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. நாடே சிரித்தது. ஆனால் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது என்பதில் மாற்றமில்லை. 1979இல் கசிவைத் தாண்டிப் போனவர், 1989இல் ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று காத்திருந்தார். மே 22 அன்று அக்னி பறந்தது. தவற்றைத் தவறு என்று ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பொறுமை வரும்.

விதி என்ற சொல்

இதே நூலில் எனக்கு உறுத்தும் இடமும் உண்டு. 1958இல் விமானப்படை நேர்முகத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள். கலாம் ஒன்பதாவதாக வந்தார். மனம் உடைந்து ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தரைச் சந்திக்கிறார். இது உன் விதியில் இல்லை, உனக்கென்று வேறு வழி இருக்கிறது என்ற வகையில் சுவாமி தேற்றுகிறார்.

இளம் வாசகர்கள் மேற்கோள் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். வால்வுப் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. ஒரே மனிதர் ஒரு தோல்விக்கு விதியை ஏற்கிறார், இன்னொன்றுக்கு ஏற்க மறுக்கிறார். இது முரணா? நான் அப்படி நினைக்கவில்லை. முதலாவது, முடிந்துபோன தேர்வு. அதைத் திரும்ப எழுத முடியாது, மனத்தை ஆற்றிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். இரண்டாவது, காரணம் கண்டால் திருத்தக்கூடியது. அடுத்த ராக்கெட் காத்திருக்கிறது. ஆற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் விதி உதவும். திருத்த வேண்டிய இடத்தில் விதியைப் பேசினால் அடுத்த ராக்கெட்டும் கடலுக்குத்தான் போகும். இந்த வேறுபாட்டை நூல் வாழ்ந்து காட்டுகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. இது நூலின் முதல் குறை.

நாமகிரித் தாயாரும் கேம்பிரிட்ஜும்

“சூத்திரங்களையே அம்மன் கனவில் வந்து கொடுத்தாளே, இராமானுஜனுக்கு?” என்று நம்மவர்கள் அடுத்துக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாமக்கல் நாமகிரித் தாயார் மீது இராமானுஜன் குடும்பத்துக்கு இருந்த பக்தி ஊரறிந்தது. 1914இல் கடல் கடந்து போகத் தாயாரே சம்மதம் தந்ததாக அவர் அம்மா கண்ட கனவின் கதையும் உண்டு.

ஆனால் இராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு பெரிய முடிவைக் கோரியிருந்தார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஆராய்ந்தபோது, அவர் எண்ணிய துல்லியம் அதில் இல்லை என்று தெரிந்தது. மற்றப் பல முடிவுகளோ உலகையே வியக்க வைத்தன. சரியானவை தாயார் தந்தவை என்றால் தவறானது யார் தந்தது? இரண்டும் வந்த வழி ஒன்றுதான். எது நிற்கும், எது விழும் என்று பிரித்துச் சொன்னது நிரூபணம். கடவுள் நம்பிக்கை இல்லாத ஹார்டி, பக்தரான இராமானுஜனிடம் கேட்டது அதை மட்டுமே.

ஒரு எண்ணம் எங்கிருந்து வந்தாலும் வரலாம்: கனவில், கோயிலில், குளியலறையில். அது உண்மையா என்பதை வந்த இடம் தீர்மானிக்காது. சொன்னவர் யார் என்று பார்க்காமல் சொன்னதன் மெய்யைப் பார் என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன அதே அறிவுதான் இது. கேம்பிரிட்ஜில் இருந்து இறக்குமதி ஆனதல்ல.

நம்பிக்கையாளர்கள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று 1930இல், பத்தொன்பது வயதில், கப்பல் பயணத்திலேயே கணக்குப் போட்டவர். 1935 ஜனவரியில் லண்டனில் அவர் அதை விளக்கியபோது, புகழ்பெற்ற எடிங்டன் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். எடிங்டன் இறைப்பற்று மிகுந்த குவேக்கர். ஆனால் அன்று அவரை வழி மறித்தது கடவுள் அல்ல. இயற்கை எப்படி இருக்கவேண்டும் என்று அவரே முன்கூட்டி முடிவு செய்துவிட்ட பிடிவாதம். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. கடவுளைத் துறந்துவிட்டால் மூடநம்பிக்கையும் போய்விடும் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

நம் ஊரில் நடந்த வழக்கு

நம்பிக்கை எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது? இதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ஜப்பல்-ரங்காபூர் வானாய்வகத்தில் விஞ்ஞானிகள் கருவிகளோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களோ ஜன்னலைச் சாத்திவிட்டு, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தோம். கிரகணம் விட்டபின் குளித்துச் சாமி கும்பிட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்துச் சோறு விஷமாகும் என்பது வழிபாடு அல்ல. அது சோற்றைப் பற்றிய ஒரு கூற்று. சோதித்துப் பார்க்கலாம்; பார்த்தால் நிற்காது.

2001இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தை ஓர் அறிவியல் பாடமாகப் பல்கலைக்கழகங்களில் வைக்க முன்வந்தபோது, நம் ஊர் சி.சி.எம்.பி. ஆய்வகத்தை நிறுவிய புஷ்ப மித்ர பார்கவா இந்த வேறுபாட்டைத்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். ஆந்திர உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2004இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இல் நம் அரசியல் சட்டத்தில் சேர்த்ததை அவர் தரப்பு எடுத்துக்காட்டியும் பலிக்கவில்லை. 2017இல் மறையும்வரை பார்கவா தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய எல்லாக் கருத்துகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மதத்தின் மீது அவருக்கு இருந்த கடுமை எனக்கு வராது. ஆனால் இந்த ஒன்றில் அவர் பக்கம்தான் நியாயம். வீட்டில் ஜாதகம் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அறிவியல் என்ற பெயர்ப்பலகையை மாட்டினால், அறிவியல் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும்.

நான் வாய் மூடி இருந்த நாள்

இதை எழுத எனக்கு ஒரு கடன் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) ஒரு குழாய்த் தொகுதிக்கு அழுத்தச் சோதனை நடந்தது. முதல் நாள் இணைப்பில் நீராவி கசிந்து தோற்றது. எங்கள் அதிகாரி, “ராகு காலத்துல ஆரம்பிச்சா வேற எப்படி ஆகும்?” என்றார். நல்ல நேரம் பார்த்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். கேஸ்கட்டை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை அது பிய்த்துக்கொண்டு போய், பக்கத்தில் நின்ற உதவியாளருக்குக் கையும் தோளும் வெந்துபோயின. பிறகுதான் கழற்றினார்கள். அந்தச் சூட்டுக்குத் தாங்காத ரகம்.

கேஸ்கட்டைப் பற்றி எனக்கு முதல் நாளே சந்தேகம் இருந்தது. தேங்காய் உடைத்தபின் அதைப் பேசுவது அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் பக்தி உண்டு. அன்று என் பக்தி எனக்குச் சௌகரியமான சாக்காகிப் போயிற்று. கலாமின் வால்வுப் பக்கத்தை முதல் தடவை படித்தபோது அந்தப் பையனின் கைதான் கண்ணில் வந்தது. தேங்காய் உடைத்ததில் பிழை இல்லை. தேங்காய் உடைத்துவிட்டோம், இனிக் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்ததுதான் பிழை.

நூலின் பெரிய குறை

‘அக்னிச் சிறகுக’ளின் ஆங்கில மூலம் நான்கு பகுதிகள் கொண்டது. மூன்றாம் பகுதி, 1981 முதல் 1991 வரையிலான ஏவுகணை ஆண்டுகள். அதற்கு வைத்த தலைப்பு, தெய்வத்தைச் சாந்தப்படுத்துதல் என்று பொருள்படும் ஒரு வழிபாட்டுச் சொல். ஆயுதம் செய்த காலத்துக்கு இந்தப் பெயர். அங்கேதான் நம்பிக்கை தன் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும்: இந்த நெருப்பு யார் தலையில் விழும்? நாட்டின் பாதுகாப்பு, வல்லமை என்று நூல் பதில் சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதில் மிக விரைவாக வந்துவிடுகிறது. வால்வுக்காகச் செலவிட்ட அளவுக்கு இந்தக் கேள்விக்குப் பக்கங்கள் இல்லை. ராக்கெட் ஏன் விழுந்தது என்பதை ஆராய்ச்சி விடாமல் துருவுகிறது. எதற்காகப் பறக்கவேண்டும் என்பதை நம்பிக்கை அதே கண்டிப்போடு துருவவில்லை.

ஆனால் கலாமின் வாழ்க்கையில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அதுவும் நம் ஊரில் நடந்தது. நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்கு வந்து, அக்னிக்காகச் செய்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். கலாமைத் தம் நோயாளிகளிடம் அழைத்துப் போனார். கால் ஊனமுற்ற குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரை இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். அதே பொருளில் 300 கிராமில் செய்து தந்தார்கள். பெற்றோர்கள் கண்ணீர் விட்டதைத் தம் வாழ்வின் பேரின்பங்களில் ஒன்றாக, 2015இல் மறையும்வரை பல மேடைகளில் கலாம் சொல்லிவந்தார்.

பேரனிடம் பதிலைத் திருத்திச் சொன்னேன். “சயின்ஸ்ல சாமி இல்லடா கண்ணா. ராக்கெட் விழுந்தா வால்வைத்தான் பார்க்கணும், சாமியைக் கேட்டா சொல்லமாட்டார். ஆனா, ‘என் தப்புதான்’னு நாலு பேர் முன்னாடி எழுந்து நிக்க கலாம் சாருக்குத் தைரியம் வந்துச்சு பாரு, அவருக்கு அது தொழுகையில இருந்து வந்துச்சு.”

“அப்ப சாமி கும்பிடாதவங்களுக்கு?” என்றான்.

சந்திரசேகரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்கந்தகிரியில் இருந்து வீடு வருகிற தூரத்தில் முடியக்கூடிய கதையல்ல அது. அடுத்த கிருத்திகைக்கும் மிச்சம் இருக்கிறது. அதுவரை, உங்கள் அலமாரியில் உள்ள ‘அக்னிச் சிறகுக’ளை எடுத்து, அந்த வால்வுப் பக்கத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்க வராத பிள்ளையாக இருந்தாலும் காதால் கேட்கும்.